தலை வெட்டிய மலையிலிருந்து வந்த தண்ணீர்

போன மாதம் என் பிரியாவிடைக்கு ஆய்வுகூடப் பிள்ளைகள் நீங்கள் வாங்கிவந்த கேக்கின் மேல் ஒரு மலை வரைந்திருந்தது. பச்சைக் கிறீமில் அடிவாரம், வெள்ளைக் கிறீமில் உச்சி. இருபத்தாறு வருடம் மலைத்தண்ணீரைச் சோதித்தவளுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறீர்கள். அன்போடு செய்தது, எனக்கு அதில் குறை இல்லை. கத்தியை என் கையில் தந்துவிட்டு, "அன்ரி, ஸ்ரார்ட் ஃப்ரொம் த டொப்!" என்று உங்களில் ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே உச்சியை வெட்டினேன்.

பிறகு பேசச் சொன்னீர்கள். நன்றி சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். எனக்குச் சொல்ல இருந்தது கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய கதை அல்ல. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இயந்திரங்களைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் ஒரு அறிக்கையில் எழுதிய ஒரு வரியைப் பற்றியும், ஒரு மண்டபத்தில் நான் எழுதாமலும் சொல்லாமலும் விட்டதைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். அப்போது நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ரின் பதினோராம் மாடியில் இருந்தோம். கணவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனவியல் படித்தவள் என்பதை இந்த நாட்டில் முதன்முதலாக ஒரு ஆள் நம்பி வேலை தந்த இடம் இந்த ஆய்வுகூடம்.

அந்த வருடம்தான் மேற்கிலுள்ள நிலக்கரிச் சுரங்கத்தின் தண்ணீர் என் மேசைக்கு வரத் தொடங்கியது. சுரங்கம் என்றால் நிலத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அங்கே அப்படிக் குடைவதில்லை. மலையின் தலையை வெடிவைத்துப் பெயர்க்கிறார்கள். கரியை அள்ளியபின் மிஞ்சும் கல்லைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டி நிரப்புகிறார்கள். மழையும் உருகிய பனியும் அந்தக் கல்மேட்டுக்குள்ளால் இறங்கும்போது கல்லில் இருக்கும் செலீனியத்தைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகின்றன. உடம்புக்குக் கொஞ்சம் தேவையான பொருள்தான் அது. கூடினால் மீனின் முட்டைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். தாய்மீன் நன்றாகத்தான் நீந்தும். குஞ்சுகள் கோணலாகப் பிறக்கும், அல்லது பிறக்கவே மாட்டா.

ஓடைத்தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அங்கேயுள்ள ஒரு ஆய்வுகூடத்துக்கும் மறுபாதியைச் சரிபார்ப்பதற்காக எங்களுக்கும் அனுப்புவார்கள். சுரங்கக் கம்பனியின் தலைமையகம் இங்கே, ரொறன்ரோ நகரத்தின் நடுவில்தான் இருந்தது. தண்ணீரின் முடிவுகள் எங்களிடமிருந்து அங்கே போக, மலையைப் பற்றிய முடிவுகள் அங்கிருந்து மேற்கே போகும்.

ஒரு பெப்ரவரி மாதம் வந்த கூலர்ப் பெட்டியில் இருந்த போத்தல் ஒன்றில் செலீனியம் வழமையைப் போல் மூன்று மடங்கு காட்டியது. தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தக் கிழமை இயந்திரம் வேறொரு வேலையில் கொஞ்சம் தொல்லை தந்திருந்ததால் திரும்பவும் சோதித்தேன். அதே எண். மூன்றாம் தரமும் சோதித்தேன். அதே எண். மாதிரியோடு கூடவே அனுப்பியிருந்த வெறும் தண்ணீர்ப் போத்தலையும் பார்த்தேன். அது சுத்தமாக இருந்தது. அதாவது வழியில் எதுவும் கலக்கவில்லை. மற்ற ஆய்வுகூடத்துக்குப் போன பாதி குளிரில் உறைந்து வெடித்துவிட்டது என்று பின்னேரம் தகவல் வந்தது. ஆக, அந்த ஓடையின் அந்த மாதத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே எண் என்னுடையது.

எண்ணை அறிவித்ததும் சுரங்கக் கம்பனிப் பக்கத்து அலுவலர் தொலைபேசியில் வந்தார். நல்ல மரியாதையான மனிதர். "இப்படி ஒரு எண் வரக்கூடியதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வழமையில் வருவதில்லை என்றேன். "அப்படியென்றால் மாதிரி பழுதாகியிருக்கலாம், இல்லையா?" என்றார். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றேன். "அதையே எழுதிவிடுங்கள், போதும்" என்றார்.

எழுதினேன். "இம்மாதிரி மாசடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு, மீண்டும் மாதிரி எடுக்கப் பரிந்துரைக்கிறோம்." அவ்வளவுதான். என்னிடம் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது. புது நாட்டில், புது வேலையில், இவ்வளவு பெரிய எண்ணைத் தனியாளாகத் தூக்கிப்பிடிக்கிற பயம். அதை நான் கவனம் என்று எனக்கே பெயர்மாற்றிச் சொல்லிக்கொண்டேன். எங்கள் மேலாளர் அந்த வரியை வாசித்துவிட்டு, நிதானமான வேலை என்று பாராட்டினார்.

மறுமாதிரி மே மாதக் கடைசியில்தான் எடுத்தார்கள். பனி உருகி ஓடை நிறைந்து ஓடும் காலம். வெள்ளத்தில் எல்லாம் கரைந்துபோகும். எண் மிகக் குறைவாக வந்தது. வருடாந்த அறிக்கையில் பெப்ரவரி எண் நீக்கப்பட்டு மே மாத எண் நின்றது. காரணம் என்ற இடத்தில் என்னுடைய வரி இருந்தது.

அப்போதுதான் அண்ணையோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. பெயர் போடவேண்டாம் என்று அவர் கேட்டிருப்பதால் அண்ணை என்றே எழுதுகிறேன். மட்டக்களப்புக்காரர், அங்கே விலங்கியல் படிப்பித்தவர். எங்கள் ஆய்வுகூடத்தின் வெளிவேலைப் பகுதியில் இருந்தார். வருடத்துக்கு நாலு தரம் மேற்கே பறந்துபோய் அந்தப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு வருபவர் அவர்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பெப்ரவரிப் போத்தல நான்தான் நிரப்பினன். மாசு எண்டு எழுதினது நீங்களா?"

"ஓம் அண்ணை. சந்தேகம் எண்டுதான் எழுதினனான்."

"யாரில சந்தேகம்? என்னிலயா, தண்ணியிலயா?"

அவர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "ஐஸ உடைச்சு, முழங்கால் மட்டும் இறங்கி நிரப்பின தண்ணி புள்ள அது. நீங்க ஒருக்கா வந்து பாக்கணும். பாத்தாப் பிறகு என்னவும் எழுதுங்க" என்றார்.

இலையுதிர் காலத்தில் போனேன். மாதிரி எடுக்கும் முறையைச் சரிபார்க்க ஒரு ஆள் போகவேண்டும் என்று சொல்லி மேலாளரிடம் அனுமதி எடுத்துத் தந்தவரும் அவர்தான். விமான நிலையத்திலிருந்து பல மணி நேரக் கார்ப்பயணம். வழி முழுக்க மலைகள். கழுத்து நோக நோகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் அண்ணை காரை ஓரங்கட்டினார்.

எதிரே இருந்த மலைக்குத் தலை இல்லை. பக்கத்து மலைகளெல்லாம் கூராக மேலே போக, அது மட்டும் மேசைபோலத் தட்டையாக நின்றது. பக்கவாட்டில் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். படிகளில் எறும்பு ஊர்வது மாதிரித் தெரிந்தவை லொறிகள் என்று அண்ணை சொன்னார்; ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. அதற்கும் பக்கத்து மலைக்கும் நடுவில் பள்ளத்தாக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில் சாம்பல்நிறக் கல்மேடு. நான் போரைப் பார்த்தவள். குண்டு விழுந்த இடங்களில் நின்றிருக்கிறேன். அங்கெல்லாம் அழிந்த இடத்தைச் சுற்றி யாராவது அழுதுகொண்டு நிற்பார்கள். இங்கே ஒருவரும் அழவில்லை. லொறிகள் ஒழுங்காக மேலே போய் ஒழுங்காகக் கீழே வந்தன.

ஓடைக்கு இறங்கினோம். "ஒரு கல்லத் தூக்குங்க பாப்பம்" என்றார்.

ஓடையின் அடியில் கையடக்கமான கற்கள் பரவிக் கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. மற்றொன்றை இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். கற்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெள்ளைப் படை படர்ந்து, கொங்கிறீற் போட்ட மாதிரி இறுகிப்போயிருந்தன. கல்மேட்டிலிருந்து வரும் தண்ணீர் கொண்டுவந்து படியவிட்ட சுண்ணாம்பு அது.

"மீன் கல்லுக்கு நடுவில கிண்டித்தான் முட்ட போடும். இதுக்குள்ள எங்க போடுற?" என்றார் அண்ணை.

அன்று அவர் வலையில் எடுத்த மீன்களைக் காட்டினார். கைவிரல் நீளமுள்ள சின்ன மீன்கள். ஒன்றுக்குச் செவுளின் மூடி ஒரு பக்கம் இல்லை. சிவப்பாக உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிந்தது. திறந்த புண்ணோடு அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அளந்து, எழுதி, திரும்பத் தண்ணீரில் விட்டார். அது நீந்திப் போனது.

திரும்பி வரும் வழியில் பெற்றோல் போட நின்ற இடத்தில் கடைக்காரர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ரொறன்ரோ என்றேன். "கம்பனியின் ஊர்தானே, அப்படியென்றால் மேலே நிற்கிறது உங்கள் மலை" என்று சிரித்தார். தன் இரண்டு மகன்களும் அங்கே லொறி ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னார். குளிருக்குக் கோப்பி தந்தார்.

உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், ஏன் சந்தேகம் என்ற சொல்லை எழுதினால் நான் இவ்வளவு குறுக்குக்கேள்வி கேட்கிறேன் என்று. இதுதான் காரணம். சந்தேகம் இருக்கிறது என்று எழுதும்போது நாங்கள் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அந்தச் சொல் வேறு யாருக்கோ வேலைசெய்யத் தொடங்கிவிடும்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு கம்பனி அடுத்த மலையையும் வெட்ட அனுமதி கேட்டது. பொதுவிசாரணை நடந்தது. ஓடையின் கீழ்ப்பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் முதற்குடி மக்களும், ஆற்றை நம்பியிருந்த சிலரும் எதிர்த்து வாதாடினார்கள். அவர்களில் யாரோ பழைய கடிதங்களைக் கிளறி, நீக்கப்பட்ட அந்தப் பெப்ரவரி எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் ஓடை வற்றும்போதுதான் உண்மையான அளவு தெரியும் என்பது அவர்களுடைய வாதம். சரியான வாதம். அந்த எண் நின்றிருந்தால் அடுத்த மலைக்கு அனுமதி கொடுப்பது கடினமாக இருந்திருக்கும். சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

மேற்கே, சுரங்கத்துக்குக் கிட்டவுள்ள ஊர் மண்டபத்தில் விசாரணைக்குழு இருந்தது. மேலாளரும் நானும் அங்கே பறந்துபோனோம். என் கோப்பில், சுத்தமாக வந்த அந்த வெறும் தண்ணீர்ப் போத்தலின் முடிவை வைத்திருந்தேன். மூன்று தரம் சோதித்த தாளும் இருந்தது. இரவு முழுக்க என்ன சொல்லவேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தேன்.

கம்பனியின் வழக்கறிஞர் அந்த வரியை உரக்க வாசித்தார். "இதை எழுதியது நீங்களா?"

"ஆம்."

"உங்கள் தொழில்முறைத் தீர்ப்பின்படி எழுதினீர்கள்?"

"ஆம்."

"நன்றி."

அவ்வளவுதான். எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் மாதிரி எடுத்த தேதிகளைப் பற்றி ஏதோ கேட்டார். என் கோப்பில் இருப்பது அவருக்குத் தெரியாது. பிறகு குழுவின் தலைவி, நரைத்த தலையுள்ள பெண், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் மேலும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, என்னை யாரும் மிரட்டவில்லை. மேலாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. வேலை போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கோப்பு என் மடியில் இருந்தது. திறந்தால் போதும். திறந்தால், ஆதாரம் இல்லாமல் சந்தேகம் என்று எழுதியவள் நான் என்பதை அந்த மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லவேண்டும். மாதிரி எடுக்க அந்தப் பக்கம் வந்திருந்த அண்ணை முன்வரிசையில் இருந்தார். தலைகுனிந்து காத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

பிறகு எழுத்தில் விளக்கமாகக் கொடுக்கலாம், அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எழுதவும் செய்தேன். பத்து நாள் எடுத்தது. ஆவணங்கள் ஏற்கும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு மரியாதையான பதில் வந்தது. வசந்தத்தில் அனுமதியும் வந்தது.

நெருக்கடி என்பது மணியடித்துக்கொண்டு வரும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு வந்த நெருக்கடி, நல்ல குரலில் ஒரு பெண் கேட்ட ஒரு கேள்வி. அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

அதன்பிறகு நான் சும்மா இருந்தேன் என்று சொல்லமாட்டேன். பிந்திய தைரியம் எனக்கு நிறைய வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்காபரோவில் ஒரு நூலக அறையை எடுத்து, மலையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் தமிழில் ஒரு கூட்டம் வைத்தோம். அண்ணை படங்களோடு வந்தார். விசாரணை நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசாமல் விடவில்லை, பேச்சுத்தான் குறைந்துபோயிருந்தது. நாற்பது கதிரை போட்டோம். வருபவர்கள் சாப்பிட ரோல்ஸ் எடுத்தோம். ஐந்து பேர் வந்தார்கள்.

முதலில் வந்த ஐயா வாசலில் நின்று கேட்டார். "பிள்ளை, உது தண்ணி ஃபில்ரர் விக்கிற கூட்டமோ?"

"இல்லை ஐயா. மலையை வெட்டிறதால ஆத்துக்கு என்ன நடக்குது எண்டு சொல்லப்போறம்."

"எந்த மலை? எங்கட மலையகமோ?"

"இல்லை, கனடாவிலதான். மேற்கில."

"ஓ" என்றுவிட்டு இருந்தார். நல்ல மனிதர், கடைசிவரை இருந்தார்.

அண்ணை தலையில்லாத மலையைக் காட்டினார். ஒட்டிப்போன கற்களைக் காட்டினார். செவுள் திறந்த மீனைக் காட்டினார். நான் செலீனியத்தை விளக்கினேன். முடிந்ததும் முன்னால் இருந்த ஒரு அக்கா கையை உயர்த்தினார்.

"தங்கச்சி, உந்தத் தண்ணி எங்கட பைப்புக்கு வருமோ?"

"வராது அக்கா. அது மூண்டு மாகாணத்துக்கு அங்கால."

"அப்ப பயமில்லை" என்று பெருமூச்சு விட்டார். உண்மையான நிம்மதி அது. போகும்போது என் தோளில் தட்டி, "நல்லா விளங்கப்படுத்தினீங்கள்" என்றார். மிஞ்சிய ரோல்ஸை எல்லோருக்கும் சுற்றிக் கொடுத்து அனுப்பினோம்.

அவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் ஒரு விடயத்தை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறோம்: எங்கள் ஊர்கள் எரிந்தபோது உலகம் திரும்பிப் பார்க்கவில்லை என்று. அன்று அந்த அறையில் கதிரைகளை மடித்து அடுக்கும்போதுதான், திரும்பிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று விளங்கியது. அதற்குக் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை. தூரத்தில் இருந்தால் போதும்.

என் மகளும் அப்படித்தான். பொறியியல் படித்தவள், ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியிருக்கிறாள். ஒருநாள் இதைப் பற்றிப் புலம்பினேன். "அம்மா, யூ டிட் யுவர் ஜொப். அந்தக் கரியிலதான் ஸ்ரீல் செய்யிறாங்கள். உங்கட கார், இந்த வீட்டுக் கராஜ் கதவு, எல்லாம் அதுதான். வட் டு யூ வோன்ற் பீப்பிள் ரு டூ?" என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். பேரனுக்குச் சோறு தீத்தினேன்.

என் வேலைக்காலத்தின் பாதியை நான் ஒரு நம்பிக்கையில் ஓட்டினேன். உண்மை மறைக்கப்படுகிறது, நானும் அதை மறைத்தவர்களில் ஒருத்தி, என்றைக்காவது வெளியே வந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று. பிறகு சட்டம் மாறியது. எல்லா எண்களையும் இணையத்தில் போடத் தொடங்கினார்கள். குளிர்கால எண்களும் இருக்கின்றன. ஒன்றும் நீக்கப்படுவதில்லை. உங்கள் தொலைபேசியிலேயே பார்க்கலாம். லொறிகள் இன்னும் மேலே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு அதுதான் மிகவும் கனமாகப் போய் இறங்கியது. என் வரி இல்லாவிட்டாலும் இதுதான் நடந்திருக்குமோ என்று சிலவேளை யோசிக்கிறேன். அப்படி யோசித்தால் எனக்கு ஆறுதல் வரவேண்டும். வருவதில்லை.

அண்ணை வேலையை விட்டபோது காரணம் சொல்லவில்லை. ஒஷாவாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டு ஒருநாள் பார்க்கப் போனேன். பஸ்ஸின் படியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை விட்டனீங்கள்? உங்களை மாதிரி மீன் எண்ண ஆள் இல்லை."

"கடைசியாப் போன தரம் மூண்டு நாள் வல போட்டன் புள்ள" என்றார். "எண்ணுறத்துக்கு மீன் இருந்தாத்தானே."

அந்த மண்டபத்தில் நான் சொன்ன 'இல்லை'க்கு மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "விடுங்க. பிள்ளையள் வாற நேரம்" என்று எழும்பி பஸ்ஸுக்குள் போனார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் வந்த கடைசிக் குளிர்காலத்தில் அதே ஓடையின் போத்தல் வந்தது. நானே சோதித்தேன். எண் எப்போதும் இல்லாத அளவுக்கு மேலே போயிருந்தது. அந்தப் பழைய பெப்ரவரி எண் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தது. நான் ஒரு குறிப்பும் எழுதவில்லை. சந்தேகம் என்றோ பரிந்துரை என்றோ எதுவும் இல்லாமல், எண்ணைத் தனியாக, கையெழுத்திட்டு அனுப்பினேன். பிறகு தொலைபேசி அடிக்கும் என்று காத்திருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. ஒருவரும் அழைப்பு எடுக்கவில்லை.

கடைசியில் நானே அழைப்பு எடுத்தேன். கம்பனிப் பக்கத்தில் இப்போது ஒரு இளைஞர் இருக்கிறார். இனிமையான குரல். எண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தோம், மிக்க நன்றி" என்றார். "கவலைப்படவேண்டாம். எதிர்பார்த்த அளவுக்குள்தான் இருக்கிறது."

அவர் பொய் சொல்லவில்லை. கல்மேட்டைக் கொட்டிய நாளிலிருந்தே எண் இந்த இடத்துக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.